சுவரில் ஒரு பிடி: ஐம்பத்தைந்து வயதில் குளியலறைக்கு வாங்க வேண்டியவையும் வாங்கக் கூடாதவையும்

குளியலறைக் கைப்பிடிக் கம்பியின் அட்டைப்பெட்டியைப் பிரித்தால் கம்பியோடு ஒரு சின்ன பாலிதீன் பை இருக்கும். அதில் ஆறு ஸ்க்ரூ, ஆறு பிளாஸ்டிக் பிளக். ஸ்க்ரூவை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், பெரும்பாலும் 35 மில்லிமீட்டர்தான் இருக்கும். இப்போது சென்னை ஃபிளாட் ஒன்றின் குளியலறைச் சுவரைக் கணக்குப் போடுவோம். டைல்ஸ் 8 மி.மீ., அதன் பின்னால் ஒட்டுப்பசையோ சிமென்ட்டோ 10 மி.மீ., அதற்கும் பின்னால் பூச்சு 12 மி.மீ. ஆக 30 மி.மீ. தாண்டிய பிறகுதான் செங்கலே வருகிறது. கம்பியின் அடித்தட்டு, வாஷர் என்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் போய்விடும். செங்கலுக்குள் இறங்குவது மிச்சமுள்ள இரண்டரை மில்லிமீட்டர். எழுபது கிலோ ஆள் வழுக்கும்போது பிடித்துத் தொங்கப்போகிற கம்பி, வெறும் பூச்சின் பலத்தில் நின்றுகொண்டிருக்கும்.

அதனால் அந்தப் பையை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் 75 மி.மீ. நீள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவும் அதற்குப் பொருத்தமான 8 அல்லது 10 மி.மீ. நைலான் பிளக்கும் தனியாக வாங்குங்கள். ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும். இரும்பில் முலாம் பூசிய ஸ்க்ரூ, போர் தண்ணீர் படுகிற குளியலறையில் தலைப்பகுதி பளபளவென்று இருக்க, உள்ளே துருப்பிடித்து இளைத்துவிடும். கம்பி ஆடத் தொடங்கும் வரை வெளியே ஒன்றும் தெரியாது.

கைப்பிடிக் கம்பி, கமோடு உயர்த்தி, குளிக்கும் நாற்காலி, கால்மிதி, இரவு விளக்கு, ஊன்றுகோல் என்று வயதானவர்களுக்காகக் கடைகளில் விற்கும் பொருள்களில் எது உருப்படியானது, எது பணத்தைத் தின்பது, எது ஆபத்தானது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். குளியலறைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஈரம், வழுவழுப்பு, குனிந்து நிமிர்வது, தாழ்ப்பாள் போட்ட கதவு எல்லாம் ஒரே இடத்தில் சேர்வது அங்கேதான்.

எப்போது வாங்குவது

பொதுவாக நடப்பது இதுதான். அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது, அறுவை சிகிச்சை முடிகிறது, டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மகனோ மகளோ ஓடிப்போய்க் கிடைத்த கம்பியை வாங்கி, கிடைத்த ஆளை வைத்து, கிடைத்த இடத்தில் மாட்டுகிறார்கள். அவசரத்தில் செய்கிற இந்த வேலை பாதிக்குப் பாதி தப்பாகவே முடிகிறது. ஐம்பத்தைந்தில், உடம்பு நன்றாக இருக்கும்போது, வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சமயத்திலோ டைல்ஸ் மாற்றுகிற சமயத்திலோ செய்வதுதான் சரி. பிள்ளையின் கல்யாணத்துக்கு வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள், அறுபதாம் கல்யாணத்துக்கு என்ன பரிசு தரலாம் என்று யோசிக்கிற பிள்ளைகள் எல்லோரும் அந்தச் செலவிலேயே இதையும் முடித்துவிடலாம். நல்ல உடம்போடு இருக்கும்போதே கம்பியைப் பிடித்துப் பழகிய கைதான், தடுமாறும் நொடியில் யோசிக்காமல் அங்கே போகும்.

தேவை வந்துவிட்டதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முதியவர்கள் விழுவதைத் தடுக்க அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயன்படுத்தும் முறை இது. கை இல்லாத, 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் ஆண்கள் 14, பெண்கள் 12 என்ற எண்ணிக்கைக்குக் கீழே போனால் கால் பலம் சராசரிக்குக் குறைவு. 65–69 வயதில் இதே கணக்கு 12, 11. 70–74 வயதில் 12, 10. கையை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லை என்றால் அது பூஜ்யம்தான். சோதனை செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால், படுத்து ஐந்து நிமிடம் ஆனபின் ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடி ஒரு முறை அளவு எடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழுந்ததும் தலை சுற்றுவதற்கான காரணம் அங்கே இருக்கிறது. பி.பி. மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் இதைக் கூட்டக்கூடியவை. அதை எந்தக் கம்பியும் சரிசெய்யாது, டாக்டரிடம் அந்த எண்களைக் காட்ட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கம்பி

முதலில் உலோகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 நல்ல ரகம், 202 மலிவு ரகம். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்க சார், ஒட்டல, 304" என்பார். இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. மலிவான 202 ரகமும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள், உப்புத் தண்ணீரில் சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துரு வரும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோர வீடுகளில் 202 வாங்குவது வீண். ஸ்டீல் வியாபாரிகளிடம் ஒரு சோதனைத் திரவம் இருக்கும். ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியை வைத்தால் 202 சில விநாடியில் சிவந்துபோகும், 304 அப்படிச் சிவக்காது. அது கிடைக்காவிட்டால் பில்லில் "எஸ்.எஸ். 304" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்தது கனம். 32 மி.மீ. குறுக்களவு, 18 அங்குல நீளம், குழாயின் சுவர்க் கனம் 1.2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அடித்தட்டுகளோடு சேர்த்து ஏறக்குறைய 600 கிராம் வரும். கடையில் தராசு கேளுங்கள். அரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் உள்ளே தகடு மெலிசு. விரல் குட்டையான பெண்களுக்கு 25 மி.மீ. கம்பி இன்னும் நன்றாகப் பிடிபடும், அதில் தப்பில்லை. சுவருக்கும் கம்பிக்கும் இடையே 38 முதல் 40 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் விரல் நுழையாது. அதிகமானால் வழுக்கும்போது முழங்கை வரை உள்ளே போய்ச் சிக்கி, கை எலும்பே முறியலாம். அழகுக்காக அகல இடைவெளி விட்ட டிசைனர் கம்பிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பளபளப்பான மேற்பரப்பும் வேண்டாம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீடுகளில் அந்தக் கை நல்லெண்ணெயோடுதான் கம்பியைப் பிடிக்கும். கண்ணாடி மாதிரி மினுக்குகிற குரோம் பூச்சில் எண்ணெய்க் கை நிற்காது. சொரசொரப்பாகக் கீறல் வரிகள் போட்டதோ மேட் ஃபினிஷோதான் சரி. ரப்பர் உறை போட்ட கம்பி தொட இதமாக இருக்கும், ஆனால் உறைக்கு அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், நாளடைவில் உறையே சுழலத் தொடங்கும்.

இந்த வரிசையில் தயவுசெய்து வாங்கவே வாங்காதீர்கள் என்று சொல்ல வேண்டியது, உறிஞ்சும் ரப்பர் கப்பால் டைல்ஸில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பிடி. ட்ரில் வேண்டாம், இரண்டு நிமிட வேலை என்று விளம்பரம் சொல்லும். மாட்டிய அன்று இழுத்துப் பார்த்தால் கல் மாதிரி நிற்கும். ஆனால் டைல்ஸ் இடுக்கு வழியாகவும், மேட் டைல்ஸின் நுண்ணிய மேடுபள்ளம் வழியாகவும், உப்புப் படிந்த வெள்ளைத் திட்டு வழியாகவும் காற்று மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நேராக இழுப்பதைத் தாங்குகிற கப், பக்கவாட்டில் வெட்டி இழுத்தால் கழன்று கையோடு வந்துவிடும். விழுகிறவர் பக்கவாட்டில்தான் இழுப்பார். பிடி இல்லாத சுவரில் கையை வைக்க அவருக்குத் தோன்றாது. இந்தப் பிடியோ நம்பிக் கையை வைக்கச் சொல்லி அழைக்கிறது. டவல் கம்பியையும் இதே கணக்கில் சேருங்கள். அது ஈரத் துண்டைத் தாங்கத்தான் மாட்டியது, ஆளைத் தாங்க அல்ல.

சுவரும் ட்ரில்லும்

ட்ரில் போடும்போது தரையில் விழும் தூளின் நிறத்தைப் பாருங்கள், சுவர் என்ன என்பதை அது சொல்லிவிடும். முதலில் வெள்ளைத் தூள் (டைல்ஸ்), பிறகு சாம்பல் (சிமென்ட்), பிறகு செம்மண் நிறம். சிவப்பு வந்தால் செங்கல், நிம்மதி. சிவப்பே வராமல் சாம்பலாகவே தொடர்ந்து, பிட் முக்கி முக்கி இறங்கினால் கான்கிரீட். ஓ.எம்.ஆர். பக்கத்துப் புது அடுக்குமாடிகள் சிலவற்றில் சுவர் முழுவதுமே கான்கிரீட்தான். பிடிமானம் அருமையாக இருக்கும், ஆனால் ரோட்டரி ஹேமர் என்ற பலமான ட்ரில் வேண்டும், நடுவில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி தட்டினால் ஓட்டையைத் தள்ளிப் போட வேண்டும். சாம்பல் தூள் வந்துகொண்டிருக்கும்போதே பிட் சட்டென்று வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக். வெளிறிய மெல்லிய தூளாக, மாவுக்குள் இறங்குவது போலச் சுலபமாக இறங்கினால் ஏ.ஏ.சி. பிளாக், அதாவது காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல். இந்த இரண்டிலும் சாதாரண பிளக் நிற்கவே நிற்காது. கெமிக்கல் ஆங்கர் என்ற பசையை, ஹாலோ பிளாக்கில் வலைக்குழாய் வைத்து, உள்ளே செலுத்தி, அதில் ஸ்டட் போல்ட்டை நிறுத்த வேண்டும். சுவரின் மறுபுறம் நம் அறையாகவே இருந்தால், ஆரம்பம் முதல் கடைசிவரை ஓட்டை போட்டு, அந்தப் பக்கம் ஒரு ஸ்டீல் தகடு வைத்து நட் முடுக்குவது அதைவிடப் பலம். அழகு கொஞ்சம் கெடும், கெடட்டும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர்களில் இடுக்கில் பிட் இறங்கினால் வெறும் வெள்ளை மணல்தான் கொட்டும். ஒன்றிரண்டு அங்குலம் மேலோ கீழோ நகர்த்தி, செங்கல்லின் நடுவைப் பிடிக்க வேண்டும்.

வேலை செய்யும் முறையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஆள் அவசரப்படும்போது நிறுத்திச் சொல்ல முடியும். குறி போட்ட இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸ் பிட்டால், ஹேமர் மோடை அணைத்துவிட்டு, மெதுவாக டைல்ஸை மட்டும் துளைக்க வேண்டும். டைல்ஸ் தாண்டிய பிறகு பிட்டை மாற்றி, செங்கல்லோ கான்கிரீட்டோ என்றால் மட்டும் ஹேமர். நாலரை அங்குலச் சுவர் என்றால் 80 மி.மீ. ஆழத்தில் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து அறைப் பூச்சு பெயர்ந்து விழும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதியோ பம்ப் வைத்தோ வெளியே எடுக்க வேண்டும். பலர் தவிர்ப்பது இதைத்தான், தூள் இருந்தால் பிளக் இறுகாமல் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுழலும். பிளக் டைல்ஸ் கனத்தைத் தாண்டி உள்ளே போய் உட்கார வேண்டும். டைல்ஸுக்குள்ளேயே அது விரிந்தால் டைல்ஸ் கீறிவிடும். அடித்தட்டைச் சுற்றி சிலிக்கான் போடும்போது கீழ்ப்பக்கம் சின்ன இடம் விட வேண்டும், உள்ளே போன தண்ணீர் வடிய வழி வேண்டுமே. 24 மணி நேரம் யாரும் தொடக் கூடாது. மறுநாள் வீட்டில் இருப்பவர்களில் அதிக எடை உள்ளவர் இரண்டு கையாலும் பிடித்து, பின்னால் சாய்ந்து தொங்கிப் பார்க்கட்டும். சின்னக் கறமுற சத்தம் வந்தாலும் கழற்றி வேறு இடத்தில் போடுங்கள்.

தண்ணீர்க் குழாய் போகும் வழி முக்கியம். குழாய்க்கும் கீசருக்கும் நேர் மேலே, நேர் கீழே ட்ரில் கூடாது. பெரும்பாலும் பைப் அந்த நேர்கோட்டில்தான் சுவருக்குள் போகும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால், பைப் போட்ட அன்றே, ஒரு ஸ்கேலைச் சுவரில் வைத்து செல்போனில் படம் எடுத்துவைத்திருந்தால் பத்து வருடம் கழித்துக் கைகொடுக்கும்.

எந்த இடத்தில்? வெளிநாட்டு அளவுப்படி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம். நம் ஊரில் ஐந்தடி உயரப் பெண்மணிக்கு இது அதிகம். பயன்படுத்தப்போகிறவரையே கமோடில் உட்காரச் சொல்லுங்கள், எழுந்திருக்கக் கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறி போடுங்கள். பக்கச் சுவரில் படுக்கைவாட்டில் ஒன்று, கமோடின் முன்விளிம்பிலிருந்து எட்டுப் பத்து அங்குலம் தள்ளி நிமிர்வாக ஒன்று. படுக்கைக் கம்பி அழுத்தி எழ உதவும், நிமிர்ந்த கம்பி முழுதாக நின்றபின் நிலைகொள்ள உதவும். எல் வடிவக் கம்பி இரண்டு வேலையும் செய்யும். மூன்றாவது கம்பி நிலைப்படிக்கு உள்பக்கம், நிமிர்வாக.

வாடகை வீட்டில் ட்ரில் போட ஹவுஸ் ஓனர் ஒப்புக்கொள்ளாவிட்டால், கமோடு சீட்டின் போல்ட்டிலேயே மாட்டி, இரண்டு பக்கமும் கை வைத்த சட்டம் கிடைக்கிறது. கம்பியின் பலம் அதில் வராது. ஆனாலும் உட்கார்ந்து எழ நன்றாகவே உதவும்.

கமோடு

இந்தியன் டாய்லெட்டை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். அதன் மேல் வைக்கும் மடக்கு ஸ்டூல் ஒரு மாதச் சமாளிப்புக்குத்தான். பீங்கானின் சரிவில் அதன் கால் ஒன்று எப்போதும் சரியாக ஊன்றாது. உடைத்து மாற்றும்போது முதலில் அளக்க வேண்டியது, பின்சுவர் டைல்ஸிலிருந்து கழிவுக்குழாயின் மையம் வரையுள்ள தூரம். கழிவு தரை வழியாக இறங்கும் எஸ்-டிராப் கமோடுகள் 4, 9, 12 அங்குலம் என்று அளவு வைத்து விற்கப்படுகின்றன. அளக்காமல் கமோடு வாங்கி வந்தால் அது சுவரில் இடிக்கும், அல்லது பின்னால் அரை அடி இடைவெளி விழும். மாடி ஃபிளாட்டில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. உடைக்கும்போது தளத்தின் வாட்டர்புரூஃபிங் கெட்டால், இரண்டு மாதத்தில் கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் வரும். டைல்ஸ் ஒட்டும் முன் குழாய் வாயை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பதைக் கொத்தனாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உயரத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சாதாரண கமோடு, சீட்டோடு சேர்த்து ஏறக்குறைய 16 அங்குலம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பள்ளம். உடனே "எதற்கும் பெரிசாவே இருக்கட்டும்" என்று 6 அங்குல உயர்த்தி வாங்கினால், குள்ளமான அம்மாவின் பாதம் தரையைத் தொடாமல் தொங்கும். தொங்கினால் தொடை நரம்பு மரத்துப்போகும், மலமும் சரியாகப் போகாது, இறங்கும்போது கிட்டத்தட்டக் குதிக்க வேண்டியிருக்கும். தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் பின்பக்கம் வரை வெறுங்காலோடு அளந்துகொள்ளுங்கள், சீட் அதே உயரமோ ஒரு அங்குலம் கூடுதலோ போதும். உயரமான அப்பாவும் குள்ளமான அம்மாவும் ஒரே கமோடைப் பயன்படுத்தினால், அம்மாவின் அளவுக்கு வைத்து, அப்பாவுக்குக் கம்பியைக் கொடுங்கள். பிளாஸ்டிக் உயர்த்திகளில் வெறும் ரப்பர் குமிழ் மட்டும் வைத்தது ஒருக்களித்து உட்கார்ந்தாலே நகரும். பக்கத்தில் திருகி இறுக்கும் கிளாம்ப் உள்ளதை மட்டும் வாங்குங்கள், வாரம் ஒரு முறை அதை முடுக்குங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் சுவரில் தொங்கும் கமோடைத் தேர்ந்தெடுத்தால், உயரத்தை நாமே தீர்மானிக்கலாம், தரையைத் துடைப்பதும் சுலபம்.

பக்கெட், நாற்காலி, தரை

நம் குளியல் பக்கெட்டும் மக்கும்தான். இறக்குமதிக் குளியல் நாற்காலியை வாங்கிப் போட்டு அதில் உட்கார்ந்தாலும், மக்கில் தண்ணீர் மொள்ள ஒவ்வொரு தடவையும் தரைவரை குனிய வேண்டியிருந்தால், நாற்காலி வாங்கியதன் பயன் பாதி போய்விட்டது. பக்கெட்டை ஒரு அடி உயரமுள்ள, ஆடாத முக்காலியில் வையுங்கள், தண்ணீர் மட்டம் மடிக்கு வரும். அதைவிட நல்லது ஒன்றரை மீட்டர் ஹோஸோடு கைஷவர். மாடித் தொட்டி எட்டுப் பத்தடி உயரத்தில்தான் இருக்கும் தனி வீடுகளில் பிரஷர் குறைவு, அங்கே பெரிய முகப்புள்ள ஷவர் வெறுமனே சொட்டும். சின்ன முகப்பு வாங்குங்கள்.

சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியைக் குளியலறையில் போடாதீர்கள். ஈர டைல்ஸில் பின்னால் சாயும்போது அதன் கால்கள் விரிந்து வழுக்கும். வாங்க வேண்டியது, நான்கு காலையும் தனித்தனியாக உயரம் மாற்றக்கூடிய அலுமினியக் குளியல் நாற்காலி. குளியலறைத் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருப்பதால், தனித்தனியாக மாற்ற முடிந்தால்தான் அது ஆடாமல் நிற்கும். கைப்பிடி, முதுகுச் சாய்வு, உட்காருமிடத்தில் நீர் வடியும் ஓட்டை, காலடியில் அகலமான ரப்பர் எல்லாம் இருக்க வேண்டும். நான்கடி அகலக் குளியலறை என்றால் நாற்காலியின் அடிப்பகுதி அகலத்தை டேப் வைத்து அளந்த பிறகே பணம் கொடுங்கள்.

எண்ணெய்க் குளியல் முடிந்த பின் தரையில் எண்ணெயும் சிகைக்காயும் சேர்ந்து ஒரு பசை நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கு அடுத்ததாகக் குளிக்கப் போகிறவர்தான் அதில் கால் வைப்பார். வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவமும் ஊற்றித் தேய்த்துக் கழுவிய பிறகே அடுத்தவர் போக வேண்டும். டைல்ஸ் மாற்ற முடிந்தால், மேட் ஃபினிஷ், ஒரு அடிக்கு ஒரு அடி அல்லது அதைவிடச் சின்ன அளவு. இடுக்குகள் அதிகமாக இருந்தால் பாதம் நன்றாகப் பிடிக்கும். ரப்பர் மேட் வழவழப்பான டைல்ஸில் நன்றாக ஒட்டும், ஆனால் தினமும் தூக்கிக் காயவைக்காவிட்டால் அடியில் பாசி பிடித்து அதுவே வழுக்கும்.

குளியலறைக்கு வெளியே கிடக்கும் பழைய புடவைக் கால்மிதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஈரக் காலோடு அதில் கால் வைத்தால், விட்ரிஃபைடு டைல்ஸில் அது சறுக்குப் பலகை. அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடி போதும், பெரிய விலை இல்லை.

வெளிச்சம், படி, கதவு

வயதாக ஆகக் கண்பாவை இருட்டில் முன்பு போல விரியாது, கண் லென்ஸும் மஞ்சள் பாரித்துவிடும். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கமோடு எல்லாம் ஒன்றாகக் கலந்து தெரியும். சீட்டை மட்டும் அடர் நிறத்தில் மாற்றுங்கள், குளியலறை நிலைப்படியின் விளிம்பில் ஒரு அங்குல அகலத்துக்குக் கறுப்போ மஞ்சளோ டேப் ஒட்டுங்கள். புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். குனிந்து பார்க்கும்போது படி தெரிவது படிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாக, அதில் படி மங்கும்.

கட்டிலிலிருந்து குளியலறை வரை தரைமட்டத்தில் இரண்டு மூன்று மோஷன் சென்சார் விளக்குகள், மஞ்சள் வெளிச்சத்தில், பேட்டரியில் ஓடுவதாக. கரண்ட் போன இரவிலும் எரிய வேண்டும். தலைக்கு மேலே எரியும் பளீர் வெள்ளை விளக்கு நடுராத்திரியில் கண்ணைக் கூசவைத்து, அணைத்த பிறகு இன்னும் இருட்டாக்கும்.

குளியலறைக் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்கும்படி கீல்களை மாற்ற ஒரு ஆசாரிக்கு அரை நாள் வேலை. முடியாவிட்டால், உள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தைத் திருகித் திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள். "தாழ்ப்பாள் போடாதீங்கப்பா" என்று தினமும் சொல்வதைவிட இது மரியாதை. அவருக்குத் தனிமையும் இருக்கும், வெளியே இருப்பவர்களுக்குப் பயமும் இருக்காது.

ஊன்றுகோல்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாகப் போடும் செருப்போடு நேராக நின்று, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, கோலின் பிடி அந்த உயரம். வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், பலர் அதே பக்கம் பிடித்து நடக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கோலும் வலிக்கிற காலும் முதலில். நான்கு கால் உள்ள கோல் சமதரைக்கு நல்லது, குறுகலான படிக்கட்டில் அதன் ஒரு கால் படிக்கு வெளியே நிற்கும். நுனி ரப்பர் புஷ்ஷின் வரிகள் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள், சர்ஜிக்கல் கடைகளில் தனியாகவே கிடைக்கும். குடையை ஊன்றி நடப்பது கூடாது, அதன் உலோக நுனி மழை ஈரத் தரையில் நிற்காது.

எங்கே வாங்குவது

பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் சர்ஜிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நாற்காலி, உயர்த்தி, கோல் எல்லாவற்றையும் உட்கார்ந்து, நின்று, சாய்ந்து பார்த்து வாங்க அதுதான் இடம். காலை வேளையில் போனால் நெரிசல் குறைவு. ஆன்லைனில் விலை குறையலாம், ஆனால் எடையைக் கையால் உணர முடியாது, உயரம் பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்பும் அலைச்சல் உண்டு. கம்பியை மட்டும் சானிட்டரி கடையில் வாங்கலாம், அங்கே 304 ரகங்கள் கூடுதலாகக் கிடைக்கும். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு வாரத்துக்கு மட்டும் வாக்கரும் உயர்த்தியும் தேவைப்படுகிறவர்கள், வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு, 2017 ஏப்ரலில் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில் ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, காது கருவி, கண்ணாடி, பல்செட் இலவசமாகத் தரப்படுகின்றன. முகாம் எப்போது என்பதை 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம். அடிக்கடி தடுமாறுகிறவர்களை, கம்பி மாட்டுவதோடு நிறுத்தாமல், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் முதியோர் மருத்துவப் பிரிவுக்கோ, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். படுத்தும் நின்றும் எடுத்த பி.பி. எண்களும், 30 விநாடியில் எத்தனை முறை எழுந்தார் என்ற கணக்கும் ஒரு தாளில் இருக்கட்டும்.

கடைக்குப் போகும் முன் இன்னொரு தாளில் ஐந்து அளவுகள்: முழங்கால் மடிப்பு உயரம், மணிக்கட்டு உயரம், கமோடு சீட்டின் தற்போதைய உயரம், குளியலறைக் கதவின் திறப்பு அகலம், கமோடுக்கும் பக்கச் சுவருக்கும் இடையே உள்ள தூரம். இன்ச் டேப்பையும் கையோடு கொண்டுபோங்கள், பெட்டியில் அச்சடித்த அளவும் உள்ளே இருக்கும் பொருளின் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.